ஆராய்ச்சி ஆதாரம் பாத்து வைத்தியம்: கிளினிக்ல அடிக்கடி கேக்குற கேள்விங்க

சென்னை தண்டையார்பேட்டையில 16 வருஷமா சாயங்கால கிளினிக் வச்சிருக்கேன். காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடில இருந்து வர்றவங்க, அவங்க புள்ளைங்க, பக்கத்து மெடிக்கல் ஷாப் பசங்க, நடுவுல கத்துக்க வந்து ஒக்கார்ற ஹவுஸ் சர்ஜன் புள்ளைங்கன்னு எல்லாரும் கேக்குறது சுத்தி சுத்தி ஒரே சந்தேகம்தான். வெளிய நாப்பது டோக்கன் காத்திருக்கும்போது ரெண்டு வரியில சொல்லி அனுப்பிடுறேன், அப்புறம் ராத்திரி வீட்டுக்குப் போயி சரியா சொல்லலியேன்னு மனசு அடிச்சுக்கும். அதான் ஒக்காந்து எழுதிட்டேன். கேள்விங்க கேட்டவங்க வார்த்தையிலயே இருக்கு.

ஆராய்ச்சி அப்டி சொல்லுது இப்டி சொல்லுதுன்றீங்களே டாக்டரம்மா, அப்ப மத்த டாக்டருங்கல்லாம் ஆராய்ச்சி இல்லாமயா வைத்தியம் பாக்குறாங்க?

இல்லமா, எல்லாரும் படிச்சிட்டுதான் ஒக்காந்திருக்கோம். ஒரு மருந்து எழுதும்போது டாக்டர் மனசுல பல பேர் பேசுவாங்க, காலேஜ்ல வாத்தியார் சொன்னது, போன வாரம் ஒருத்தருக்கு கேட்டது, மருந்து கம்பெனி ரெப் வந்து சொன்னது, அப்புறம் நெறைய பேரை ஒழுங்கா கவனிச்சு எண்ணி எழுதுன ஆராய்ச்சி. கடைசியா சொன்னேனே அதுக்கு மொத மரியாதை குடுக்கணும்ன்றதுதான் ஆதாரம் சார்ந்த மருத்துவம். கனடால கார்டன் கயாட்னு ஒரு டாக்டர் 1991ல இந்தப் பேர வச்சார்.

மொத மரியாதைன்னா அது மட்டும்தான்னு அர்த்தம் இல்ல. 1996ல டேவிட் சாக்கெட்டும் அவர் கூட இருந்தவங்களும் தெளிவா எழுதிட்டாங்க, நல்ல ஆராய்ச்சி வேணும், பாக்குற டாக்டரோட அனுபவம் வேணும், நோயாளி என்ன விரும்புறாங்கன்னும் பாக்கணும். இந்த மூணாவத நாங்க அடிக்கடி மறந்துடுறோம், கடைசி ரெண்டு கேள்வியில அத சொல்றேன்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு அந்த மாத்திரை போட்டு மூணே நாள்ல சரியாச்சு, அத விட இன்னா ஆதாரம் வோணும்?

அக்காவுக்கு சரியானது உண்மைதான், மாத்திரையாலதான் சரியாச்சான்னு தான் தெரியல. சளி காய்ச்சல் தானாவே விடும், முதுகு வலி ஏறும் எறங்கும், ரொம்ப ஏறி இருக்குற அன்னிக்குதான் நாம டாக்டர் கிட்ட ஓடுறோம், அதுக்கப்புறம் எது செஞ்சாலும் பெரும்பாலும் கொறயத்தான் செய்யும். அந்த மாத்திரை போடாத இன்னொரு அக்காவுக்கு எத்தன நாள்ல சரியாச்சுன்னு தெரிஞ்சாதான் பேச முடியும். எதோட ஒப்பிட்டு சொல்றோம்? மொத்த விஷயத்துக்கும் வேரு இந்த ஒரு கேள்விதான்.

1747ல சாலிஸ்பரின்னு ஒரு பிரிட்டிஷ் கப்பல்ல ஜேம்ஸ் லிண்ட்னு டாக்டர் இருந்தார். ஸ்கர்வி வந்து ஈறு அழுகி படுத்துக் கெடந்த 12 மாலுமிங்கள ஆறு ஜோடியா பிரிச்சார், எல்லாருக்கும் ஒரே சாப்பாடு, அதுக்கு மேல ஒரு ஜோடிக்கு வினிகர், ஒரு ஜோடிக்கு கடல் தண்ணி, இன்னொரு ஜோடிக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும். பழம் தின்னவங்கள்ல ஒருத்தர் ஆறே நாள்ல வேலைக்கு திரும்பிட்டார். இவ்ளோ தெளிவா தெரிஞ்சும் கடற்படையில எல்லாருக்கும் எலுமிச்ச சாறு குடுக்க 1795 ஆயிடுச்சு, நடுவுல எத்தன உயிர் போச்சோ. ஆதாரம் கண்டுபிடிக்கறது பாதி வேலைதான், அது படுக்கைக்குப் பக்கத்துல வந்து சேரணும்.

குலுக்கல் போட்டு இவனுக்கு இந்த மருந்து அவனுக்கு அந்த மருந்துன்னு குடுக்குறாங்களாமே, ஏழைங்கள வச்சு சோதன பண்றதுதானே அது?

இந்த பயம் நியாயமானது, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். குலுக்கல் எதுக்குன்னா, டாக்டரையே பிரிக்க விட்டா தெம்பா இருக்குறவங்களுக்கு புது மருந்தும் மோசமா இருக்குறவங்களுக்கு பழைய மருந்தும் போயிடும், அப்புறம் எது ஜெயிச்சுதுன்னு தெரியாது. ரெண்டுல எது நல்லதுன்னு உண்மையிலேயே யாருக்கும் தெரியாதப்பதான் குலுக்கலாம், தெரிஞ்சிட்டே குலுக்குனா அது தப்பு. எதிக்ஸ் கமிட்டி ஒத்துக்கணும், நோயாளிக்கு அவங்க மொழியில சொல்லி கையெழுத்து வாங்கணும், நடுவுல எப்ப வேணா விலகலாம். 2009 ஜூன்ல இருந்து நம்ம நாட்டுல மருந்து ட்ரையல் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அரசாங்க பதிவேட்டுல பதியணும்.

இப்ப நம்ம ஊர் கதைய கேளுங்க. 1956ல சேத்துப்பட்டுல டிபி ஆராய்ச்சி மையம் ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அந்த காலத்துல டிபின்னா சானடோரியம்னு தனி டிபி ஆஸ்பத்திரில வருஷக்கணக்கா படுத்து, நல்ல காத்து, பால் முட்டை, முழு ஓய்வுன்னு இருந்தாதான் பொழைக்கலாம்னு ஒலகமே நம்புச்சு, ஆனா இருந்த நோயாளிங்களுக்கு படுக்கை எங்க? அதனால மெட்ராஸ்ல இருந்த ஏழை நோயாளிங்க 193 பேர குலுக்கல்ல ரெண்டா பிரிச்சு ஒரு பாதிய சானடோரியத்துக்கு அனுப்புனாங்க, இன்னொரு பாதி அவங்கவங்க வீட்டுலயே. மாத்திரை ரெண்டு பக்கமும் ஒண்ணுதான், ஒரு வருஷம். வீட்டுல இருந்தவங்க ஒரே ரூம்ல ஏழெட்டு பேரோட படுத்து, கெடச்சத தின்னு, சீக்கிரமே வேலைக்கும் போனாங்க. நர்சுங்க சொல்லாம கொள்ளாம வீட்டுக்குப் போயி மாத்திரைய எண்ணுவாங்க, யூரின் எடுத்து மருந்து உள்ள போயிருக்கான்னு பாப்பாங்க.

1959ல முடிவு வந்துச்சு. வீட்டுல இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு குணமானாங்க, அதுக்கப்புறம் பாத்தப்ப வீட்டுல இருந்த மத்தவங்களுக்கு கூடுதலா டிபி ஒட்டவும் இல்ல. ஒலகம் பூரா சானடோரியத்த மூட ஆரம்பிச்சதுக்கு இந்த ஆராய்ச்சி பெரிய காரணம். இன்னிக்கு டிபி நோயாளி வீட்டுல இருந்தே மாத்திரை சாப்புடுறாங்கன்னா அது நம்ம ஊர் ஏழை ஜனங்க குடுத்த ஆதாரம். அந்த 193 பேர்ல ஒருத்தர் பேரு கூட எனக்கு தெரியாது, ஆனா டிபி கார்டு எழுதும்போதெல்லாம் அவங்கள நெனச்சுக்குவேன்.

இருமலுக்கு ஆன்ட்டிபயாடிக் எழுதாம அனுப்புறீங்களே, காசு குடுத்துதானே வர்றோம்?

சளிக்கு அப்புறம் வர்ற இருமல்ல முக்காவாசி வைரஸ், ஆன்ட்டிபயாடிக் போட்டாலும் போடாட்டியும் ரெண்டு மூணு வாரம் இழுக்கும். பலன் ரொம்ப கொஞ்சம், வயித்துப்போக்கும் அலர்ஜியும்தான் மிச்சம். ஆனா ஒண்ணு, ரெண்டு வாரம் தாண்டுன இருமல்னா நம்ம ஊர்ல கட்டாயம் சளி டெஸ்ட் எடுத்து டிபி பாக்கணும். வெளிநாட்டு புத்தகத்துல இன்னும் ஒரு வாரம் பொறுன்னு இருக்கலாம், அங்க டிபி கம்மி. ஒரே இருமல்தான், எடம் மாறுனா கணக்கு மாறும்.

ரிப்போர்ட்ல வைடால் பாசிட்டிவ்னு செவப்புல போட்ருக்கு, நீங்க டைபாய்டு இல்லன்றீங்க, லேப் பொய் சொல்லுமா?

லேப் பொய் சொல்லல, வைடால்ன்றது டைபாய்டுக்கு பாக்குற ரத்த டெஸ்ட், அதால அவ்ளோதான் சொல்ல முடியும். டைபாய்டு நெறைய இருக்குற ஊர்ல முன்னாடி எப்பவோ வந்துட்டுப் போன கிருமிக்கு ஒடம்பு செஞ்ச ஆன்ட்டிபாடி மிச்சம் இருக்கும், வேற காய்ச்சல்ல கூட இந்த டெஸ்ட் பாசிட்டிவ் காட்டும். ஒரு கணக்குக்கு வச்சுக்குங்க, காய்ச்சலோட வர்ற 100 பேர்ல 5 பேருக்குதான் நிஜமா டைபாய்டு, டெஸ்ட் அதுல 4 பேர புடிக்குது, டைபாய்டு இல்லாத 95 பேர்ல 20 பேருக்கு தப்பா பாசிட்டிவ் காட்டுது. கையில 24 செவப்பு ரிப்போர்ட், அதுல உண்மை 4. எந்த டெஸ்ட்டுக்கும் இதுதான் கேள்வி, பாசிட்டிவ்னு வந்த நூறு பேர்ல எத்தன பேருக்கு நிஜமா நோய் இருக்கு? டைபாய்டு சந்தேகம்னா ஆன்ட்டிபயாடிக் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரத்தத்துல கிருமிய வளத்துப் பாக்குற பிளட் கல்ச்சர் எடுக்கறதுதான் மேல். டிபிக்கு ரத்தத்துல பாத்த ஆன்ட்டிபாடி டெஸ்ட்டும் இப்படித்தான் ஏமாத்துச்சு, 2012ல நம்ம அரசாங்கம் தடையே போட்டுடுச்சு.

இத நான் கஷ்டப்பட்டுதான் கத்துக்கிட்டேன். பிராக்டீஸ் ஆரம்பிச்ச புதுசுல எம்சி ரோட்டு துணிக்கடையில வேல செய்ற ஒரு பொண்ணு மூணு நாள் காய்ச்சலோட வந்துச்சு. ரிப்போர்ட்ல வைடால் அளவு 1:80, சீட்ட பாத்த ஒடனே டைபாய்டுன்னு மருந்து எழுதி அனுப்பிட்டேன். அஞ்சாம் நாள் காய்ச்சல் விட்டுடுச்சு, ஆனா பொண்ணு சோந்து, கை கால் ஜில்லுன்னு ஆயி, கால்ல செவப்பு புள்ளி புள்ளியா. டெங்கு. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி பொழச்சுக்கிச்சு. இப்பவும் அவங்க அம்மா சுகர் மாத்திரைக்கு என்கிட்டதான் வர்றாங்க, அவங்கள பாக்கும்போதெல்லாம் அந்த 1:80 கண்ணு முன்னாடி வரும்.

இந்த மாத்திரை மாரடைப்ப 25 சதவீதம் கொறைக்கும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு, எனக்கும் எழுதித் தாங்களேன்?

25 சதவீதம்னா எதுல 25ன்னு கேக்கணும். 100 பேர்ல அடுத்த பத்து வருஷத்துல 4 பேருக்கு மாரடைப்பு வரும்னு வைங்க, மாத்திரை போட்டா 3 பேருக்கு. நாலு மூணாச்சு, அது 25 சதவீதம்தான், பொய் இல்ல. ஆனா 100 பேர் பத்து வருஷம் மாத்திரை போட்டா ஒருத்தர் தப்பிக்கிறார். ஏற்கனவே ஒரு தடவ அட்டாக் வந்தவங்க, அவங்கள்ல 100க்கு 40 பேருக்கு மறுபடி வரும்னா, அதே 25 சதவீதம் 10 பேர காப்பாத்தும். மாத்திரை ஒண்ணுதான், யார் கையில இருக்குன்றதுலதான் எல்லாம். அதனாலதான் இவருக்கு கட்டாயம்னும் உங்களுக்கு இப்ப வேணாம்னும் சொல்றேன். இந்த நம்பர்லாம் புரியறதுக்காக போட்டது, உங்க நிஜ கணக்கு உங்க வயசு, பிரஷர், சுகர், பீடி சிகரெட் பாத்து வரும்.

சுகர் வர்ற மாதிரி பார்டர்ல இருக்குன்னாங்க, நடந்தா மட்டும் நின்னுடுமா, சும்மா ஆறுதலுக்கு சொல்றீங்களா?

ஆறுதல் இல்ல, ராயபுரத்துல பாத்து எண்ணுனது. ராயபுரம் எம்.வி. நீரிழிவு மருத்துவமனையும் அதோட ஆராய்ச்சி மையமும், டாக்டர் ராமச்சந்திரன் தலைமையில, உங்கள மாதிரி பார்டர்ல இருந்த 531 பேர மூணு வருஷம் பாத்து 2006ல வெளியிட்டாங்க. ஒண்ணும் பெருசா செய்யாத குரூப்ல 100க்கு 55 பேருக்கு சுகர் வந்துடுச்சு. நடை, சாப்பாட்டு மாத்தம் செஞ்சவங்கள்ல 39. மெட்ஃபார்மின்னு சுகர் மாத்திரை போட்டவங்களுக்கும் கிட்டத்தட்ட அதேதான், ரெண்டையும் சேத்து செஞ்சவங்களுக்கு கூடுதலா ஒண்ணும் கெடைக்கல.

மேல சொன்ன கணக்குப்படி பாருங்க, 55ல இருந்து 39ன்னா ஆறு பேர் ஒழுங்கா நடந்தா ஒருத்தருக்கு சுகர் தள்ளிப் போகுது. மருத்துவத்துல இவ்ளோ நல்ல நம்பர் அபூர்வம். ஆனா அதே ஆராய்ச்சி இன்னொன்னும் சொல்லுது, நடந்தும் 39 பேருக்கு வந்துச்சு, அதனால வந்துட்டா உங்க மேல தப்புன்னு நெனச்சு மனசு ஒடஞ்சு போகாதீங்க.

டிபிக்கு சாப்பாடு முக்கியம் இல்லன்னு அந்த மெட்ராஸ் ஆராய்ச்சி சொல்லுதே மேடம், அப்ப எதுக்கு முட்டை சாப்புடு, சத்து மாவு சாப்புடுன்னு சொல்றீங்க?

ஒரு ஹவுஸ் சர்ஜன் தம்பி கேட்டது, நல்ல கேள்வி. அந்த ஆராய்ச்சி பதில் சொன்னது, மருந்து ஒழுங்கா போட்டா சானடோரியம் இல்லாம வீட்டுலயே குணமாகுமான்னு. சாப்பாடே வேணாம்னு அது சொல்லல. வேற கேள்விக்கு வேற ஆராய்ச்சி வேணும். ஜார்கண்ட்ல 2,800 டிபி நோயாளிங்க, அவங்க வீட்டாளுங்க 10,345 பேர், அதே சேத்துப்பட்டு டிபி நிறுவனமும் சேந்து பண்ணது, 2023ல லான்செட்ன்ற மருத்துவ இதழ்ல வந்துச்சு. நோயாளிக்கு மட்டும் சத்துணவு குடுத்த வீடுங்கள்ல மத்தவங்களுக்கு டிபி வந்தது 1000க்கு 26, குடும்பத்துக்கே அரிசி பருப்பு குடுத்த வீடுங்கள்ல 1000க்கு 17. ஆராய்ச்சி எந்த கேள்விக்கு பதில் சொல்லுதோ அதுக்கு மட்டும்தான் அத சாட்சிக்கு கூப்புடணும்.

வெள்ளக்காரன் மேல பண்ண ஆராய்ச்சி நம்ப ஒடம்புக்கு ஒத்து வருமா?

பல நேரம் வரும், சில நேரம் வராது, வராதுன்றதுக்கும் நம்ம பக்கத்துலயே சாட்சி இருக்கு. பிசிஜி தடுப்பூசி பிரிட்டன்ல பசங்கள டிபில இருந்து நல்லா காப்பாத்துச்சு. இங்க அப்போதைய செங்கல்பட்டு மாவட்டத்துல 1968ல ஆரம்பிச்சு ரெண்டரை லட்சத்துக்கு மேல ஆளுங்கள வச்சு பாத்தாங்க, பெரியவங்களுக்கு வர்ற நுரையீரல் டிபிய அது தடுக்கவே இல்ல. கைக்குழந்தைக்கு மூளைக்கு ஏறுற டிபிய தடுக்குதுன்றதுக்காகத்தான் பொறந்த ஒடனே இன்னும் போடுறோம்.

இன்னொன்னு, கொறமாசத்துல பொறக்கப் போற கொழந்தைக்கு அம்மாவுக்கு போடுற ஸ்டீராய்டு ஊசி. 1972ல நியூசிலாந்துல இருந்து ஆதாரம் ஆரம்பிச்சுது, நுரையீரல் வளர்றதுக்கு ரொம்ப நல்லது. ஆனா நம்ம நாட்டையும் சேத்து ஆறு நாட்டுல கிராமம் வரைக்கும் கொண்டு போனப்ப, 2015ல பாத்தா மொத்தமா கொழந்தை சாவு கூடிடுச்சு. அப்புறம் கொழந்தைய பாத்துக்க வசதி இருக்குற ஆஸ்பத்திரிங்கள்ல, தேதி சரியா ஸ்கேன்ல பாத்து குடுத்தாங்க, இந்தியாவும் அதுல உண்டு, 2020ல முடிவு வந்தப்ப 100க்கு 23 சொச்சம் சாவு 19 சொச்சமா கொறஞ்சுது. அதனால எந்த நாட்டுக்காரங்கன்றத விட எந்த மாதிரி எடத்துல, யார் கையால, யாருக்குன்னு பாக்குறதுதான் முக்கியம்.

கொரோனால இன்னிக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னு மாத்தி மாத்தி சொன்னீங்களே, எத நம்புறது?

மாத்துனது கொறை இல்ல, தெரிஞ்ச ஒடனே மாத்திக்கிட்டது. கொரோனா வந்து குணமானவங்க ரத்தத்துல இருந்து எடுக்குற பிளாஸ்மாவுக்கு ஜனங்க ராத்திரி பகலா அலைஞ்சாங்க, ஞாபகம் இருக்கும். ஐசிஎம்ஆர்ன்ற நம்ம அரசாங்க மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 39 ஆஸ்பத்திரில 464 பேருக்கு குலுக்கல் போட்டு பாத்துட்டு 2020 அக்டோபர்லயே பலன் இல்லன்னு எழுதுச்சு, ஆனா சிகிச்சை கைட்லைன்ல இருந்து எடுக்க 2021 மே ஆயிடுச்சு. அந்த ஏழு மாசம் குடும்பங்க அலைஞ்ச அலைச்சல நெனச்சா இன்னும் வேதனையா இருக்கு.

அதே 2020ல பிரிட்டன்ல டெக்ஸாமெத்தசோன்னு ரொம்ப மலிவான பழைய ஸ்டீராய்ட பாத்தாங்க. வென்டிலேட்டர்ல இருந்தவங்கள்ல 100க்கு 41 பேர் செத்த எடத்துல 29. ஆக்சிஜன் மட்டும் வச்சிருந்தவங்களுக்கு 26, 23 ஆச்சு. ஆக்சிஜன் தேவைப்படாதவங்களுக்கு பலனே இல்ல. இந்த கடைசி வரி வாட்ஸ்அப்ல வரல. மொத நாள் காய்ச்சலுக்கே வீட்டுல ஸ்டீராய்டு போட்டுட்டு சுகர் 400க்கு ஏறி வந்தவங்கள நானே எத்தனையோ பேர பாத்தேன்.

மருந்து கம்பெனியே காசு போட்டு பண்ற ஆராய்ச்சிய எப்டி நம்புறது?

கண்ண மூடிட்டு நம்பாதீங்க, மொத்தமா தள்ளவும் தள்ளாதீங்க. பெரிய ஆபத்து பொய் எழுதுறத விட, நல்லா வந்தத மட்டும் வெளிய விட்டுட்டு வராதத அமுக்கிடுறது. முன்கூட்டியே பதியணும்னு மேல சொன்னேனே அது இதுக்குத்தான். ஒரு ஆராய்ச்சிய மட்டும் பாக்காம எல்லாத்தையும் தேடி சேத்து சலிச்சு பாக்குறதுக்குன்னே 1993ல காக்ரேன்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க, நம்ம வேலூர் சிஎம்சிலயும் அதோட கிளை செயல்பட்டு வந்துருக்கு. எளிய சுருக்கம் தமிழ்லயும் போட்டிருக்காங்க, புள்ளைங்க கிட்ட சொல்லி படிச்சுக் காட்ட சொல்லுங்க.

அப்ப நாட்டு மருந்து எல்லாம் பொய்யா?

அப்டி நான் சொல்லவே மாட்டேன். ஆதாரம் இன்னும் இல்லன்றது வேற, வேல செய்யாதுன்னு ஆதாரம் இருக்குன்றது வேற. சர்ப்பகந்தா வேர் நம்ம நாட்டு மருந்துதான், பாம்பேல ருஸ்தம் வக்கீல்னு ஒரு டாக்டர் அத நோயாளிங்களுக்கு குடுத்து பிரஷர் கொறையறத எண்ணி 1949ல பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழ்ல எழுதுனார், ஒலகமே எடுத்துக்கிச்சு. எந்த மருந்துக்கும் அதே கேள்விதான், எதோட ஒப்பிட்டு, எத்தன பேர்ல. தயவு செஞ்சு ஒண்ணு மட்டும், இன்சுலின நிறுத்திட்டு வேறதுக்கு போகாதீங்க, அது உயிர் போற விஷயம்.

அப்பாவுக்கு 84 வயசு, கைட்லைன்படி மூணு மாச சராசரி சுகர 7க்கு கீழ கொண்டு வரணும்னு ஏழு மாத்திரை போட்டுருக்காங்க, ராத்திரி லோ சுகர் ஆயி பாத்ரூம்ல விழுந்துட்டார், எத கொறைக்கறது?

கைட்லைன் எழுதுன ஆராய்ச்சிங்கள்ல 84 வயசுக்காரங்க ரொம்ப கம்மி, கிட்னி வீக்கா, ஏழு மாத்திரை போடுறவங்க இன்னும் கம்மி. ரிப்போர்ட்ல நம்பர் நல்லா ஆனா ஆள் நல்லா ஆயிடுவாங்கன்னு நெனைக்கறதும் சரியில்ல. அமெரிக்கா, கனடால 10,251 சுகர் நோயாளிங்கள வச்சு, மூணு மாச சராசரிய 6க்கு கீழ அழுத்துனா என்ன ஆகும்னு பாத்தாங்க, அப்படி அழுத்துன குரூப்ல சாவு கூடுனதால 2008ல அத பாதியிலயே நிறுத்துனாங்க. உங்க அப்பாவுக்கு 8 கிட்ட இருந்தா போதும்னு நான் சொல்வேன். லோ சுகர் பண்ற மாத்திரைய மொதல்ல எடுக்கணும். ஆனா நீங்களா நிறுத்தாதீங்க, எல்லா அட்டையையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு அப்பாவையும் கூட்டிட்டு வாங்க, அவர் எதுக்கு பயப்படுறார்னு அவர் கிட்டயே கேக்கணும். போன மாசம் ஒரு தாத்தா, எனக்கு சாவு பத்தி பயம் இல்லமா, படுக்கையில விழுந்து மருமகளுக்கு பாரமாயிடக் கூடாதுன்னார். அதுக்கப்புறம் எந்த மாத்திரை இருக்கணும்ன்றது ரொம்ப சுலபமா முடிவாச்சு.

பிரஷர் மாத்திரை காலையில எழுந்த ஒடனே போடணும்னாங்க, நான் ரெண்டு மணிக்கே கடலுக்குப் போயிடுவேன்மா, போட்ல மறந்துடுது, இன்னா பண்றது?

காசிமேட்டு அண்ணன் ஒருத்தர் கேட்டது, அவர் மூணு மாசமா மாத்திரை சரியா போடலன்னு நானே ஒரு தடவ கோவப்பட்டிருக்கேன், ஏன்னு கேக்கல. பிரிட்டன்ல 21,104 பேர வச்சு பிரஷர் மாத்திரைய காலையில போட்டா நல்லதா ராத்திரி போட்டா நல்லதான்னு அஞ்சு வருஷத்துக்கு மேல பாத்து 2022ல சொன்னாங்க, மாரடைப்பு, பக்கவாதம், சாவு எதுலயும் வித்தியாசம் இல்ல. அப்ப நேரத்த அவர் சௌகரியத்துக்கு விட்டுடலாம், தெனமும் போடுறதுதான் முக்கியம். அவர் சீட்டுல யூரின் போக வைக்கற மாத்திரையும் இருந்துச்சு, போட்ல அது எவ்ளோ தொல்லைன்னு அப்பதான் சொன்னார், அத மாத்திட்டேன்.

இப்ப கரையேறி, மீன எறக்கி, வலை அலசிட்டு வீட்டுக்குப் போயி குளிச்சு சாப்பிட ஒக்காரும்போது போடுறார். தட்டுக்குப் பக்கத்துலயே மாத்திரை டப்பாவ அவங்க சம்சாரம் எடுத்து வச்சிடுறாங்க. நாலு மாசமா மேல் பிரஷர் 130 தாண்டல.